அறுபத்தொரு நாள் நிற்கும் இன்ஜின்

குளிர்நாடுகளில் படகு இன்ஜின் வாங்கினால், கூட வரும் கையேட்டில் 'குளிர்காலத்துக்கு நிறுத்தி வைத்தல்' என்று தனியாக ஓர் அத்தியாயம் இருக்கும். தாம்பரத்தில் மே மாத வெயிலில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். நமக்கு ஏது பனி, ஏது உறையும் ஏரி?

ஆனால் இன்ஜினை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காலம் நமக்கும் உண்டு. அதுதான் மீன்பிடி தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் தொடங்கியபோது 45 நாள். 2017-லிருந்து 61 நாள். கோவளம், நீலாங்கரை பக்கம் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. படகுக்குள்ளேயே இன்ஜின் பொருத்திய பெரிய இழுவைப் படகுகளுக்குத்தான் தடை. காசிமேட்டில் வரிசை கட்டி நிற்பவை அவை.

இந்த 61 நாளில் இன்ஜினுக்கு உள்ளே என்ன நடக்கிறது, அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு. விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு, வலை, ஐஸ், டீசல் எல்லாவற்றுக்கும் கடன் வாங்கி ஜூன் 15-ம் தேதி கடலில் இறங்கும் படகு, கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி நின்று போனால்? கயிறு கட்டி இழுத்து வர இன்னொரு படகு வரணும். அந்தப் படகின் தொழிலும் சேர்ந்து போகும்.

அங்கே பனி, இங்கே உப்பு

தண்ணீர் உறையும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். இன்ஜின் பிளாக்குக்குள் தேங்கிய தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பே வெடித்துவிடும். அதனால் அங்கே முதல் வேலை தண்ணீரை வடிப்பது, அல்லது உறையாத திரவத்தை நிரப்புவது.

நம்ம ஊரில் அந்தப் பயம் இல்லை. நமக்கு எதிரி உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். அதில் பெரும்பங்கு சாதாரண சமையல் உப்பு, கொஞ்சம் மக்னீசியம் குளோரைடு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசகசன்னு ஆவது இதனால்தான். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னைக் கடற்கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

அதாவது, கடல்நீர் பட்ட இரும்பைத் துடைக்காமல் விட்டால் அது காயவே காயாது. பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும். மேலே ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் 61 நாளும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். மழையோ பனித்துளியோ அதுக்குத் தேவையே இல்லை.

முதலில் நல்ல தண்ணீர்

பெரும்பாலான படகு இன்ஜின்களில் தண்ணீருக்கு இரண்டு சுற்று உண்டு. உள்சுற்றில் நல்ல தண்ணீரோ கூலன்ட்டோ இன்ஜினைச் சுற்றி ஓடும். வெளிச்சுற்றில் பம்ப் கடல்நீரை இழுத்து, வெப்பமாற்றி வழியாக விட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கடலிலேயே ஊற்றும். கழுவ வேண்டியது இந்த வெளிச்சுற்றை.

சின்ன இன்ஜினாக இருந்தால், ஒரு பேரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, பம்ப்பின் உறிஞ்சு குழாயை அதில் போட்டு ஓட்டலாம். பேரல் காலியாகும் முன் நிறுத்தணும். பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு, காய்ந்து ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். பெரிய இன்ஜின் ஒரு பேரலைக் கொஞ்ச நேரத்தில் குடித்துவிடும் என்பதால் அதற்கு, நிறுத்திய பிறகு பம்ப் மூடியைக் கழற்றி ஹோஸ் வைத்து வெப்பமாற்றியைக் கழுவுவது சுலபம்.

இதில் ஒரு எச்சரிக்கை. புகை, கடல்நீரோடு கலந்து படகின் பின்பக்கம் வெளியேறும் அமைப்பாக இருந்தால், இன்ஜின் நின்றிருக்கும்போது ஹோஸைத் திறந்து விடக் கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் புகைக்குழாயில் ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். புகை தனிக் குழாயில் மேலே போகும் படகுகளுக்கு இந்த ஆபத்து இல்லை.

கழுவி முடித்ததும் இம்பெல்லரைக் கழற்றி எடுத்து வையுங்கள். உள்ளேயே விட்டால், வளைந்து நிற்கும் இதழ்கள் இந்தச் சூட்டில் அப்படியே வளைந்த வாக்கில் நின்றுவிடும். வெப்பமாற்றியில் துத்தநாகக் கட்டி இருந்தால் அதையும் பாருங்கள். இரும்புக்கும் செம்புக்கும் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம்.

உள்சுற்றில் உறையாத் திரவம் எதற்கு என்று கேட்கலாம். உறைவதற்காக இல்லை, துருத்தடுப்பு மருந்து அதில் கலந்திருக்கு என்பதற்காக. தென்சென்னைப் புறநகரின் போர் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டரில் படியும் வெள்ளைப் படிவமே சாட்சி.

ஆயிலை எப்போது மாற்றுவது?

"இரண்டு மாசம் சும்மாதானே நிக்கப்போகுது, இறங்கும்போது புது ஆயில் ஊத்திக்கலாம்" என்பது இயல்பாக வரும் எண்ணம். கணக்குப் பார்த்தால் சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் பழைய ஆயிலில் கரி இருக்கு, எரிபொருள் எரிந்ததில் வந்த தண்ணீர் இருக்கு, அமிலம் இருக்கு. ஓடும்போது இவை கலங்கியே இருக்கும். நின்றால் அடியில் தங்கி பேரிங்கைத் தின்ன ஆரம்பிக்கும்.

2020 ஏப்ரல் முதல் நம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்திருக்கிறது. அதனால் கந்தக அமிலத் தொல்லை முன்னைவிடக் கம்மி. இல்லாமல் போய்விடவில்லை. ஆயில் பழையதாகும்போது தானே உண்டாக்கும் அமிலங்களும், தண்ணீரும் இருக்கத்தான் செய்கின்றன.

எனவே கடைசிப் பயணம் முடிந்து வந்த அன்றே, ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி எல்லா இடத்துக்கும் பரவ விட்டு நிறுத்துங்கள். கழுவும் வேலையை இந்தப் பத்து நிமிட ஓட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் ஒரே வேலையாக முடியும்.

டேங்க்: நிரப்புவதா, காலி செய்வதா?

கையேடுகள் 'நிரப்பி வை' என்கின்றன. பாதி காலியான டேங்க் பகலில் காற்றை வெளியே விடும், இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அது டேங்க் சுவரில் வியர்க்கும் என்பது காரணம். குளிர்நாட்டில் இது பெரிய விஷயம். மே மாதச் சென்னையில் இரவுகூட உலோகம் அவ்வளவு குளிராது, அதனால் இப்படிச் சேரும் தண்ணீர் கொஞ்சம்தான். இங்கே தண்ணீர் அதிகம் வருவது சரியாக மூடாத மூடி வழியாக, திடீர் கோடைமழையில்.

வந்த தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கருப்பாகக் கொழகொழவென்று படரும். டேங்க் அடியில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். ஜூன் 15-ல் அலை குலுக்கியதும் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். நடுக்கடலில் இன்ஜின் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

தடைக்காலத்தில்தான் படகு கரையேறும், வெல்டிங் வேலையும் அப்போதுதான் நடக்கும். அதோடு பெரிய டேங்க்கை நிரப்பப் பணம் யாரிடம் இருக்கு? ஆக, முழுசா நிரப்ப முடியவில்லை என்றால் முழுசா வடித்து, அடியைத் துடைத்து, மூடியை இறுக்குவதே மேல். இரண்டுங்கெட்டானாகப் பாதியில் விடக் கூடாது. ஆனால் காலி டேங்க் பத்திரமானது என்று நினைத்து அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே ஆவி மிச்சம் இருக்கும் காலி டேங்க், நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. ஆவி போகக் கழுவிய பிறகே நெருப்பு.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம். நல்ல எண்ணத்தில் நடக்கும் கெடுதல் இது. ஐந்து நிமிடம் சும்மா ஓட்டினால் இன்ஜின் சூடேறாது. எரிந்ததில் வந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் சிலிண்டரிலும் ஆயிலிலும் தங்கும். முழுச் சூட்டுக்கு வரும்படி, லோடு கொடுத்து, அரைமணி நேரம் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடவே வேண்டாம்.

பதிலாக, காற்று உள்ளே போகும் வழியையும் புகைக்குழாயையும் எண்ணெய்த் துணியால் அடைத்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, கையால் ஒன்றேகால் சுற்று சுற்றுங்கள். அந்தக் கால் சுற்று எதற்கென்றால், பிஸ்டன் ரிங் போன தடவை நின்ற இடத்திலேயே மறுபடி நின்று துருவோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அடைத்த துணியைப் பற்றி ஒரு சீட்டு எழுதிச் சாவியோடு கட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து யார் வந்து ஸ்டார்ட் பண்ணுவார் என்று சொல்ல முடியாது.

பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடணும். இறங்கிய நிலையில் விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு அப்புறம் சார்ஜே ஏறாது. சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

படகே இல்லாதவர்களுக்கு

இதைப் படிக்கும் பலர் வீட்டில் படகு இருக்காது. ஆனால் உங்கள் அடுக்ககத்தின் கீழே ஒரு டீசல் ஜெனரேட்டர் நிற்கும். 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி நாளில்தான் அதன் நினைவு நமக்கு வரும். மற்ற நாளெல்லாம் அது தடைக்காலத்துப் படகுதான்: பழைய ஆயில், பாதி டேங்க், 'சனிக்கிழமை அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம்' என்ற நிம்மதி.

செப்டம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். டேங்க் அடியில் வடிகுழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிக் கோடாகத் தண்ணீரோ, கருப்புக் கொழகொழப்போ தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட அதுதான் நேரம். ஆயிலை மாற்றி, லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில் ஓட விட்டு அரைமணி நேரம் லோடு கொடுங்கள். நின்றுபோவதாக இருந்தால், மழைக்கு முன்னாடியே நின்று போகட்டும்.