சூடில்லாமல் பிறக்கும் எலெக்ட்ரான்

பள்ளுருத்தியில் வாழும் நமக்குக் கப்பலும் ரேடாரும் புதிதல்ல. கொச்சித் துறைமுகம் வரும் கப்பல்கள் பலவற்றின் ரேடாருக்கு உயிர், மாக்னெட்ரான் என்னும் வெற்றிடக் குழாய். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பிலும் அந்த வகைக் குழாய்தான். இதிலுள்ள கேத்தோடு சூடேறினால்தான் எலெக்ட்ரான் வெளிவரும். அதனால்தான் அந்த ரேடாரைப் போட்டதும் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சூட்டுக்கென்று தனி மின்சாரமும் போகிறது. குழாயைச் சிறிதாக்கவும் அது தடை.

சூடான பொருள்கள் எலெக்ட்ரான் உமிழ்வதை நுட்பமாக ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். கல்கத்தா, டாக்கா, அலகாபாத் என்று வெளியூர்களில் உழைத்து, டில்லி தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

சூடே இல்லாத வழியும் உண்டு. கூரிய ஊசிமுனையில் மின்புலம் குவிந்தால், குளிர்ந்த நிலையிலேயே எலெக்ட்ரான் வெளியேறும். 1928-ல் பௌலரும் நார்ட்ஹைமும் அதற்குக் கணக்கு வகுத்தனர். 1968-ல் அமெரிக்காவில் ஸ்பிண்ட் நுண்கூம்புகளால் கேத்தோடு செய்து காட்டினார். சுவிட்சைப் போட்டதும் வேலை!

ஆனால் குழாயில் மிஞ்சும் வாயு அயனியாகி முனையைத் தாக்கி மழுக்கிவிடுகிறது. நீண்ட நாள் உழைக்க வேண்டிய செயற்கைக்கோள் குழாய்கள் இன்றும் சூட்டையே நம்புகின்றன. கார்பன் நானோகுழாய்களைக் கொண்டும் முயன்று வருகிறார்கள்.

ராஜஸ்தானில் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வகம் மைக்ரோவேவ் குழாய்களில் பெயர் பெற்றது. பௌதிகம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். மழுங்காத முனை ஒன்று இன்னும் தேவைப்படுகிறது. ஊர் விட்டு ஊர் போய்ச் சாதிப்பது நமக்குப் புதிதா என்ன?