டக்... டக்... ஹைஹீல்ஸ் சத்தம்: ஆணி தெரிந்தால் ஆபத்து

சென்னை,

ராத்திரி 2 மணி. ஆஸ்பத்திரி வராண்டாவில் 'டக்... டக்... டக்' என்று சத்தம். தூங்கும் நோயாளி மட்டும் அல்ல, ஸ்டூலில் கண் அசந்த வாட்ச்மேனும் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். பேய், பிசாசு எல்லாம் இல்லை. மோகினி என்றால் கொலுசு சத்தம் அல்லவா கேட்கும்? இது வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணின் ஹைஹீல்ஸ்.

ஒரு காலத்தில் சினிமா நடிகைகள் மட்டும் போட்ட குதிகால் உயர்ந்த செருப்பை இப்போது மால், ஷோரூம், ஆபீஸ் வரவேற்பறை என்று வேலை பார்க்கும் பெண்கள் சர்வ சாதாரணமாகப் போடுகிறார்கள். ஆசைக்குப் போடுகிறவர்கள் உண்டு. 'யூனிபார்முக்கு இதுதான்' என்று கம்பெனி சொல்வதால் போடுகிறவர்களும் உண்டு. சத்தம் அதிகமானால் மேனேஜர் முறைக்கிறார், கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் அடிக்கிறார்கள், வாடகை வீட்டில் கீழ் போர்ஷன்காரர் சண்டைக்கே வந்து விடுகிறார்.

மானம் போகிறதே என்று மெதுவாக அடி வைத்து நடந்து சமாளிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பல நேரங்களில் அந்த சத்தம், 'இன்னும் கொஞ்ச நாளில் நீ வழுக்கி விழப்போகிறாய்' என்று செருப்பு கொடுக்கும் எச்சரிக்கை.

சத்தம் எங்கே இருந்து வருகிறது?

ஹீல்ஸின் உயரமான பகுதி கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. பென்சில் மாதிரி ஒல்லியான ஹீல்ஸ் என்றால் முறிந்து விடாமல் இருக்க உள்ளே இரும்புக் கம்பி ஓடும். இதன் அடி நுனியில், தரையில் படும் இடத்தில், ஒரு சின்ன வில்லை இருக்கிறது. 5 ரூபாய் காசை விட சின்னது. அந்த வில்லையின் நடுவில் ஓர் ஆணி. ஆணியை மேலே அடித்து இறக்கித்தான் வில்லையைப் பொருத்தி இருப்பார்கள்.

விலை மலிவான செருப்புகளில் இந்த வில்லை பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக். கிரானைட், டைல்ஸ் தரையில் பட்டால் டக்கு டக்குன்னு சத்தம் போடாமல் என்ன செய்யும்? செருப்பு புதிதாக இருக்கும்போதே சத்தம் வந்தால் காரணம் இதுதான். பயப்பட ஒன்றும் இல்லை.

வாங்கி சில மாதம் அமைதியாக இருந்து விட்டு, திடீரென்று 'டிங்... டிங்' என்று உலோகச் சத்தம் வந்தால்தான் விஷயமே. வில்லை தேய்ந்து போய் ஆணியின் தலை தரையில் இடிக்கிறது என்று அர்த்தம். ஒரு காலில் மட்டும் 'கடக்... கடக்' என்றால் வில்லை ஆடுகிறது, கழன்று விழப்போகிறது. குதியில் பட்டை இல்லாத செருப்பில் 'சப்... சப்' என்று வருவது குதிகாலில் செருப்பு அடிக்கும் சத்தம். அதற்கும் ஆணிக்கும் சம்பந்தம் இல்லை, அளவு பெரிது, அவ்வளவுதான்.

பைக் டயரை விட 20 மடங்கு

ஆணி தெரிந்தால் என்ன ஆகி விடும் என்று நினைக்கலாம். ஒரு கணக்கு போட்டால் புரியும்.

50 கிலோ எடை உள்ள ஒரு பெண் நடக்கும்போது, எடை முழுவதும் ஒரு குதியில் இறங்கும் நொடி ஒன்று உண்டு. ஒல்லி ஹீல்ஸின் நுனி சுமார் 1 சதுர சென்டிமீட்டர். பெட்ரோல் பங்கில் பைக் டயருக்கு 30 பவுண்டு காற்று பிடிக்கிறோமே, அதே கணக்கில் பார்த்தால் அந்த நுனியில் இறங்கும் அழுத்தம் 700 பவுண்டுக்கு மேல்.

இவ்வளவு அழுத்தமும் ரப்பர் வழியாக இறங்கினால் தரையைப் பிடித்துக் கொள்ளும். வழவழப்பான ஆணித் தலை வழியாக இறங்கினால்? அதுவும் துப்புரவுப் பெண் அப்போதுதான் ஈர மாப் போட்டுத் துடைத்துப் போன கிரானைட் தரையில்? சர்ரென்று போக வேண்டியதுதான். கணுக்கால் சுளுக்கோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு உடைந்தால் மாவுக்கட்டு, விடுப்பு, தினக்கூலி என்றால் அந்த நாட்களின் சம்பளமும் போச்சு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கார்மல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 2 அங்குலத்துக்கு மேல் உயரமான, நுனி ஒல்லியான ஹீல்ஸ் போட நகராட்சியிடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று 1963-ல் சட்டமே போட்டார்கள். மர வேர்கள் தூக்கி விட்ட நடைபாதையில் யாராவது தடுக்கி விழுந்து நகராட்சி மேல் கேஸ் போடுவார்களோ என்ற பயம்தான் காரணம். நம்ம ஊர் நடைபாதைக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் பெர்மிட் வாங்க வரிசை எங்கே போய் நிற்குமோ!

வில்லையை மாற்றினால் போதும்

இதற்கு வைத்தியம் தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் தொழிலாளியிடமே இருக்கிறது. பழைய வில்லையைக் குறடால் பிடுங்கி விட்டு ரப்பர் வில்லை அடித்துக் கொடுப்பார். சில நிமிட வேலை. செலவும் புது செருப்பு விலையில் ஒரு துளிதான். சத்தமும் அடங்கும், பிடிப்பும் வரும். கேட்கும்போது "பிளாஸ்டிக் வேண்டாம், ரப்பர் போடுங்க அண்ணே" என்று சொல்லி விடுவது நல்லது. ரப்பர் கொஞ்சம் சீக்கிரம் தேயும் என்பது உண்மை. தேய்ந்தால் மறுபடி மாற்றலாம், காலை மாற்ற முடியாது.

ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஒரு கால் உயரம், ஒரு கால் மட்டம் என்று நடந்தால் இடுப்பு பிடித்துக் கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வில்லை முழுக்க தேயும் வரை காத்திருப்பதும் தப்பு. ஆணியும் தேய்ந்து உள்ளே போய் விட்டால் அதைப் பிடுங்குவது பெரிய பாடு. பிளாஸ்டிக் நுனியும் நசுங்கி விடும், புது வில்லை நிற்காது. பிறகு முழு ஹீல்ஸையே மாற்ற வேண்டி வரும். வாரம் ஒரு தடவை செருப்பைத் திருப்பிப் பார்த்தால் போதும். பெரும்பாலானவர்களுக்குப் பின்பக்க ஓரம்தான் முதலில் தேயும்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள், அகலமான ஹீல்ஸ் என்றால் ரப்பர் துண்டு ஒட்டலாம். செருப்பு சாமான் விற்கும் கடைகளில் ரப்பர் ஷீட் கிடைக்கும். சென்னையில் பெரியமேடு இதற்குப் பெயர் போன இடம். அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் செருப்பு பசை தடவி, சுமார் 10 நிமிடம் உலர விட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் மறுநாளே பிய்ந்து வரும். ஒரு ராத்திரி விட்டு, ஓரத்தை பிளேடால் சீவி விடலாம். ஒல்லி ஹீல்ஸுக்கு இந்த வேலை ஆகாது, அதற்கு நுனியில் மாட்டும் ரப்பர் குல்லா விற்கிறார்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். லூசாக இருந்தால் வழியில் கழன்று விழும், கழன்றது தெரியாமல் நடப்பது இன்னும் மோசம்.

நாற்காலிக் காலுக்கு ஒட்டும் கம்பளித் துண்டை செருப்பில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் சுத்தமாகப் போய்விடும். பளபள டைல்ஸில் வழுக்கவும் வழுக்கும், ஈரம் பட்டால் ஊறிப் பிய்ந்து விடும். இதைச் செய்யவே கூடாது.

பஸ்சில் போகிறவர்கள் தட்டையான செருப்பு போட்டுப் போய், வேலை இடத்தில் ஹீல்ஸை மாற்றிக் கொண்டால் வில்லை பல மாதம் கூட உழைக்கும். ஜல்லி ரோடும் சாக்கடை மூடி இடுக்கும்தான் ஹீல்ஸுக்கு எமன். மழையில் நனைந்தால் வெயிலிலோ அடுப்பு பக்கத்திலோ வைக்காமல், உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து நிழலில் காய விட வேண்டும். சூட்டில் பசை விட்டுப் போகும். காய்ந்த பிறகும் நடக்கும்போது 'கீச்... கீச்' என்றால் உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கி கொஞ்சம் முகப்பவுடர் தூவிப் பார்க்கலாம். ஹீல்ஸே ஆடினாலோ, விரிசல் விட்டிருந்தாலோ எந்த வில்லையும் உதவாது. அந்த ஜோடியைப் போட்டுக் கொண்டு படி இறங்காமல் இருப்பதே நல்லது.