ஆக்ரா ஓயா போய்ச் சேரும் ஆழம்

'கப்டன் ஹொரேஷியோ ஹோர்ன்புளோவர்' 1951இல் வந்த படம். தொடக்கத்தில் கப்பல் அசையாது. காற்று செத்துவிட்டது, குடிதண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. கிரெகரி பெக் நடித்த கப்டனோ கலக்கத்தை வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். சின்ன வயதில் பக்கத்து லயத்துத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். வெளியே அடைமழை, ஆக்ரா ஓயாவின் இரைச்சல். கடலையே கண்டிராத எனக்கு, தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு தண்ணீருக்குத் தவிப்பது விளங்கவே இல்லை.

அந்த ஆற்றுக்கும் அப்படிப்பட்ட கப்டன்களுக்கும் இருக்கும் உறவு பிறகுதான் தெரிந்தது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் பிறந்து அக்கரப்பத்தனை வழியாக இறங்கும் தண்ணீர், தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலக்கிறது. வழியில் மின்சாரம் தந்து, வயல்களுக்குப் போனதுபோக மிஞ்சியது மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அந்தக் குடாவின் வடக்கே இருப்பதுதான் திருகோணமலைத் துறைமுகம்.

பாய்மரக் காலத்தில் அந்தத் துறைமுகத்துக்காக எவ்வளவு சண்டை! 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கடற்படைகளும் மோதின. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. காரணம் எளிது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அன்று கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் அங்கே நிற்பது தற்கொலை. திருகோணமலையில் மலைகள் சூழ்ந்த ஆழமான நீர் இருந்தது.

ஆழத்தை அன்று கண்டறிந்த விதத்தைப் பாருங்கள். கயிற்று நுனியில் ஈயக்குண்டு. அதன் அடியில் ஒரு குழி, குழிக்குள் கொழுப்பு. தரையைத் தொட்டதும் மணலோ சேறோ கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கயிற்றில் இடையிடையே தோலும் துணியும் கட்டியிருக்கும். இருட்டிலும் விரலால் தடவி ஆழத்தைச் சொல்லிவிடுவார்கள். நம் மீனவர்கள் 'பாகம்' என்று சொல்லும் அதே அளவுதான், விரித்த இரு கைகளின் நீளம், ஆறு அடி. ஆழ்கடல் கயிறே நூறு பாகம் சொச்சம்தான். திருகோணமலைக்கு வெளியே அதை விட்டால் தரை தட்டாது.

ஏனென்றால், கரைக்கு அருகிலேயே தொடங்கும் ஒரு பள்ளத்தாக்கு கடலுக்கடியில் 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதைத் தூக்கி அந்த ஆழத்தில் வைத்தாலும் உச்சி வெளியே தெரியாது. இன்று கயிறு வேண்டாம், ஒலி போதும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும். 3,000 மீற்றர் இறங்கி எதிரொலியாகத் திரும்ப நான்கு விநாடி. மூச்சை இழுத்து விடும் நேரம்!

என்னை அதிகம் வியக்கவைத்தது மணல். சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். மகாவலி என்ற பெயரே பெருமணல் ஆறு. மலையில் கரைகிற மண்ணை நூற்றாண்டு நூற்றாண்டாகச் சுமந்துபோகும் ஆறு, முகத்துவாரத்தில் அதைக் குவித்துக் கடலை மேடாக்குவதுதான் வழக்கம். இங்கேயோ ஆற்றின் வாய்க்கு எதிரிலேயே பாதாளம் வாய் திறந்து கிடக்கிறது. சரிந்து வரும் மணலும் சேறும் அதற்குள் இறங்கிப் போக வழி இருக்கிறது. துறைமுகமும் முகத்துவாரத்திலிருந்து ஒதுங்கி வடக்கே மலைகளுக்குள் இருக்கிறது. ஆழ்கடல் கரைக்கு இத்தனை அருகில் வருவதால்தான் நீலத்திமிங்கிலங்களைக்கூட அங்கே படகில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப முடிகிறது.

அடுத்த முறை கோணேசர் கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். சுவாமி மலையில் நின்று தெற்கே குடாவின் பக்கம் கொஞ்ச நேரம் பாருங்கள். நம் தேயிலை மலைகளில் பெய்த மழை அங்கேதான் கடலில் சேர்கிறது.