மலையில் உடையாத சைக்கிள், பெட்டிக்குள் ஏன் உடைகிறது?

மணாலியில் இறங்கியாகிவிட்டது. மறுநாள் காலை லே நோக்கிப் பயணம். ஆறு மாதமாகச் சேர்த்த பணம், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய இரண்டு வார லீவு, அம்மாவைச் சமாதானப்படுத்திய பாடு எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பிரித்து, சக்கரத்தை மாட்டி, பெடலைச் சுற்றினால் ‘கடகட’வென்று சத்தம். கியர் தானாகத் தாவுகிறது. பின் சக்கரத்தின் பக்கத்தில், கியர் மாற்றியைத் தாங்கிப் பிடிக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு லேசாக வளைந்திருக்கிறது.

‘ஹேங்கர்’ என்பது அதன் பெயர். சில நூறு ரூபாய் சமாசாரம்தான். ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும். போன ஊரில் அதே ஹேங்கர் கிடைக்காவிட்டால் பயணமே படுத்துவிடும். மவுன்டன் சைக்கிளை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகிறவர்கள் முதலில் பயப்படுவது இந்தத் துண்டுக்குத்தான்.

இத்தனைக்கும் வளைவதுதான் அதன் வேலை. அடி விழும்போது விலை உயர்ந்த ஃபிரேம் தப்பிக்கட்டும் என்று, முன்னால் போய் அடி வாங்கிக்கொள்ளும் திருஷ்டிப் பூசணிக்காய் அது.

பாறையிலும் பள்ளத்திலும் குதித்து இறங்கும் சைக்கிள் ஒரு பெட்டிக்குள் படுத்துக்கொண்டு போனால் ஏன் உடைய வேண்டும்? காரணம் எளிது. ஓட்டும்போது விழும் அடியெல்லாம் கீழிருந்து மேலே, சக்கரம், டயர், ஷாக் வழியாக வருகிறது. சைக்கிள் அதைத் தாங்கத்தான் பிறந்தது. பெட்டிக்குள் விழும் அடி பக்கவாட்டில் வருகிறது. டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டை முழங்கால் வைத்து அழுத்தினாலே கோணிவிடும். சக்கரத்தைக் கழற்றிய பின்ஃபோர்க்கின் இரண்டு கால்களும் வெறுமனே நிற்கின்றன. மேலே இரண்டு மூட்டை ஏறினால் உள்பக்கம் ஒடுங்கும். மலையேற்றத்துக்கான பலத்தை வைத்துக்கொண்டு மூட்டைக்கு அடியில் கிடக்க முடியாது.

ரயில் பாதை முழுக்க சைக்கிள்

இப்படி ஒரு பெட்டியை யோசிக்க திருநின்றவூர் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சைக்கிளின் பாகங்கள் ஊர் ஊராக வரும். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலஸும் பி.எஸ்.ஏ.வும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆவடியில் 1955-ல் வந்த டியூப் ப்ராடக்ட்ஸ். வேலை, துல்லியமான இரும்புக் குழாய். 1960-ல் டி.ஐ. டயமண்ட் செயின், சங்கிலிக்கு. அதற்குப் பிறகு வந்த திருமழிசை, காக்களூர் தொழிற்பேட்டைகளையும், வடக்கே கும்மிடிப்பூண்டியையும் சேர்த்துக்கொண்டால் குழாய் வளைப்பவர், பிளாஸ்டிக் வார்ப்பவர், ரப்பர் வெட்டுபவர் என்று எல்லாக் கையும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறது.

இன்னொரு கூட்டமும் இங்கே உண்டு. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கார் கம்பெனிகளுக்குப் போகும் உதிரி பாகங்களைக் கீறல் விழாமல் அனுப்பப் பெட்டி செய்பவர்கள். தேன்கூடு போல அறை பிரித்த பிளாஸ்டிக் அட்டைப் பெட்டியில், பாகத்தின் வடிவத்துக்கே வெட்டிய ஃபோம் மெத்தையில் வைத்து அனுப்புவார்கள். காலிப் பெட்டி திரும்பி வரும், மறுபடி நிரம்பிப் போகும். சைக்கிள் பெட்டிக்கு வேண்டிய அறிவில் பாதி அந்தப் பட்டறைகளில் தினமும் புழங்குகிறது.

மவுன்டன் சைக்கிள் மட்டும் வெளியூர் விருந்தாளி. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பைஸ் மலைச்சரிவில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை உருட்டி விளையாடிய இளைஞர்களிடமிருந்து கிளம்பியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாகவே சேர்ந்துவிட்டது. நம் ஊரில் ‘எம்.டி.பி.’ என்ற மூன்றெழுத்தாகப் பள்ளிக்கூடப் பையன்கள் வாயில் முதலில் ஏறியது. அப்போது மலை பக்கத்தில் இல்லாததை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது அந்தப் பையன்கள் சம்பாதிக்கிறார்கள். ஏலகிரிக்கும் ஊட்டிக்கும் இமாச்சலுக்கும் சைக்கிளோடு போக வேண்டும் என்கிறார்கள்.

மனக்கோயிலும் இஞ்ச் டேப்பும்

திருநின்றவூர் என்றதும் பூசலார் நாயனார் நினைவுக்கு வருவார். கையில் காசில்லாமல், கல்லில்லாமல், மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர். பெட்டி வடிவமைப்பும் முதலில் மனதில்தான் எழும்ப வேண்டும். ஆனால் இங்கே கூடவே ஓர் இஞ்ச் டேப்பும் வேண்டும்.

29 இஞ்ச் சக்கரம், தடித்த டயரோடு சேர்த்து சுமார் 74 செ.மீ. விட்டம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 115 முதல் 125 செ.மீ. ஹேண்டில்பார் 74 முதல் 80 செ.மீ. வரை அகலம். சக்கரம் இரண்டையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி ஃபிரேமோடு ஒட்டிக் கட்டினாலும், பெட்டி ஏறக்குறைய 140-க்கு 80-க்கு 30 செ.மீ.க்குக் குறைவதில்லை.

விமானத்தில் சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பழக்கமான கணக்கு. சைக்கிள் பெட்டி 250-ஐத் தொடும். எனவே அந்த அளவுக்குள் சுருக்கப் பார்ப்பது வீண் வேலை; பெரிய சாமான் என்று முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்வதுதான் வழி. உண்மையான சண்டை எடையோடு. உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ இலவசம். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. சைக்கிளே 14 கிலோ. கெட்டியான ஓடுள்ள பெட்டி 10 கிலோவுக்கு மேல். ஆக, பெட்டியில் கூட்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு பயணத்திலும் கப்பம் கட்டியாக வேண்டும்.

ரயிலில் அந்தக் கவலை குறைவு. வேறு கவலை உண்டு. பார்சல் ஆபீஸில் பதிவு செய்து, பிரேக் வேனில் ஏற்றும்போது, சைக்கிளின் மேல் என்ன மூட்டை ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே எடை குறைந்த பெட்டியைவிட நசுங்காத பெட்டிக்கே மரியாதை.

வீட்டில் மூன்றாவது அதிகாரி இருக்கிறார். கட்டிலுக்கு அடியில் போக வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அந்த 30 செ.மீ. கனம் எந்த விமான கம்பெனி விதியையும்விடக் கறாரானது.

எங்கே பிடிப்பது, எங்கே தொடாமல் விடுவது

நல்ல பெட்டியின் ரகசியம் மெத்தையில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. சைக்கிளில் பலமான இடங்கள் மூன்று: முன் அச்சு மாட்டும் இடம், பின் அச்சு மாட்டும் இடம், பெடல் சுழலும் பி.பி. பகுதி. இந்த மூன்றையும் அடித்தட்டில் ஓடும் குழாய்ச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், மீதியெல்லாம் காற்றில் நிற்கும். பெட்டியின் சுவர் எதையும் தொடக் கூடாது. சுவர் நசுங்கலாம், அதற்குத்தான் அது இருக்கிறது.

கழற்றிய அச்சுக்குப் பதிலாக அதே நீளத்தில் ஒரு போலி அச்சு போட வேண்டும். பின்பக்கம் மாடலைப் பொறுத்து 135, 142 அல்லது 148 மி.மீ.; முன்பக்கம் 100 அல்லது 110. ஆவடிக் குழாயில் ஒரு துண்டு வெட்டினால் போதும், ஃபோர்க் ஒடுங்காது. கியர் மாற்றியை ஹேங்கரிலிருந்து கழற்றி, துணி சுற்றி, ஃபிரேமின் உள்பக்கம் கட்டிவிட வேண்டும். மணாலிக் கதையில் விடுபட்டது இந்த இரண்டு நிமிட வேலைதான். டிஸ்க் தகடுகளைக் கழற்றித் தட்டையாக வைப்பது உத்தமம். எண்ணெய் பிரேக் என்றால், தகடு இருந்த இடத்தில் ஓர் அட்டைத் துண்டைச் செருக வேண்டும். வழியில் லீவர் அமுங்கினால் பிரேக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். இடது பெடல் மறை எதிர்த்திசை. அது தெரியாமல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டி மறையைக் கெடுத்தவர்கள் நிறைய.

டயர் காற்றை முழுவதும் இறக்குவதும் தப்பு. கொஞ்சம் காற்று இருந்தால்தான் ரிம்முக்கு அதுவே மெத்தை.

ஓட்டை எதில் செய்வது? மொட்டைமாடி கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, சூடேற்றி, சுற்றிச் சுற்றி வார்ப்பது. இந்த முறையில் வெளிமூலைகளில் பிளாஸ்டிக் கொஞ்சம் கூடுதலாகவே சேரும். தகட்டைச் சூடாக்கி உறிஞ்சி வடிவம் கொடுக்கும் வேக்கூம் முறையில் நேர் எதிர்: மூலைக்கு வரும்போது தகடு இழுபட்டு மெலியும். பெட்டி கீழே விழுவது பெரும்பாலும் மூலையில்தான் என்பதால், இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய விஷயம். தொட்டி முறையில் எடை கூடும் என்பது அதன் குறை. உள்ளே தெர்மகோல் வேண்டாம். ஒரே அடியில் நொறுங்கி, வீடு முழுக்க மணி மணியாகப் பறக்கும். அமுங்கி மறுபடி எழும் வெள்ளை ஃபோம் ஷீட் போதும்.

முதல் மாதிரியை அட்டையில் செய்து, உள்ளே பழைய சைக்கிளை வைத்துக் கீழே போட்டுப் பார்க்க வேண்டும். பேக்கிங் தொழிலில் இதற்கு ஒரு வரிசை உண்டு: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம், மொத்தம் பத்து முறை. 25 கிலோ பெட்டிக்கு சுமார் 46 செ.மீ. உயரம். பத்தாவது விழுதலுக்குப் பிறகு சக்கரம் நேராகச் சுழன்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏரி வீட்டுக்குள் வந்தால்

பயணம் வருஷத்தில் பதினைந்து நாள். மீதி நாளெல்லாம் பெட்டி வீட்டில்தான். வெளிநாட்டுப் பெட்டிகள் நம் வீடுகளுக்காக யோசிக்கப்பட்டவை அல்ல. துணிப்பை ரகத்தை எலி கடிக்கும். ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் பிளந்துவிடலாம். அதில் பூட்டுப் போடுவது மனத்திருப்திக்கு மட்டும். நீர் புகாமல் இறுக மூடும் பெட்டிக்கு வேறு வியாதி: ஈரத்தோடு வைத்த சைக்கிளின் ஈரமும் வெளியே போகாது. நம் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டே வாரத்தில் சங்கிலியில் செம்மண் நிறம் படரும். கழுவி, வெயிலில் உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு மூட வேண்டும். பெட்டியின் மேல்பக்கத்தில் வலை போட்ட, திருகி மூடக்கூடிய காற்றுத் துளை ஒன்றும் தேவை.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெருமழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வருவது இங்கே புதிதல்ல. இறுக மூடிய பெட்டி அப்போது என்ன செய்யும்? மிதக்கும். சைக்கிளோடு 25 கிலோ எடை, 140-க்கு 80 செ.மீ. பரப்பு. படுக்க வைத்திருந்தால் மூன்று செ.மீ. தண்ணீர்கூட வேண்டாம், கட்டிலுக்கு அடியிலிருந்து எழும்பிவிடும். தரைத்தளக் கார் ஷெட்டில் வைத்திருந்தால் தெருமுனைக்கே போய்ச் சேரலாம். ஆகவே சுவரில் ஓர் இரும்பு வளையம், பெட்டியின் அடிச்சட்டத்தில் ஒரு கொக்கி, நடுவே பூட்டும் சங்கிலியும். திருடனுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே பூட்டு. கொக்கி பிளாஸ்டிக் ஓட்டில் இருக்கக் கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும். ஓட்டை ரம்பம் வைத்து அறுத்துவிடலாம்.

இத்தனையும் யோசித்துச் செய்த பெட்டி மணாலி-லே பயணத்துக்கு மட்டும் உதவாது. மணாலியில் ஆரம்பித்து லேயில் முடிகிற பயணத்தில் காலிப் பெட்டியை யார் சுமப்பது? கிளம்பிய ஊருக்கே திரும்புகிறவர்களுக்கும் போட்டிக்குப் போகிறவர்களுக்கும்தான் கெட்டிப் பெட்டி. ஒருவழிப் பயணக்காரர்களுக்கு இன்றைக்கும் சைக்கிள் கடைதான் கதி. புது சைக்கிள் வந்து இறங்கும் நாளில் போய், “அண்ணே, அட்டைப்பெட்டி ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கூடவே அச்சு முனைக்கு மாட்டி வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகளையும் கேட்டு வாங்க வேண்டும். குப்பைக்குப் போகும் அந்த மூடிகள்தான் அட்டை கிழியாமல் காப்பவை.

கெட்டிப் பெட்டியை இங்கேயே செய்து விற்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு தகவல். வடிவமைப்புச் சட்டம், 2000-ன் கீழ் புதிய தோற்ற வடிவத்தைப் பதிவு செய்தால் முதலில் 10 வருஷம், நீட்டித்தால் மேலும் 5 வருஷம் உரிமை கிடைக்கும். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்த வடிவம் வெளியாகியிருக்கக் கூடாது. உற்சாகத்தில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டு அப்புறம் பதிவுக்குப் போனால், அந்த வீடியோவே எதிர்சாட்சி.

விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள் என்பதையும் வடிவமைப்பவர் மறக்கக் கூடாது. திறக்கிறவருக்கு மறுபடி அடுக்கத் தெரியாது. அதனால் மூடியின் உள்பக்கம், எது எங்கே, எந்த வார் எதைப் பிடிக்கிறது என்று காட்டும் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். சைக்கிள் சொந்தக்காரரின் போன் நம்பர் அந்தப் படத்துக்குக் கீழேயே.