பயத்தைப் பழக்கும் படிகள்

பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். பாராசெயிலிங் பறக்கக் காசு கட்டி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பில் வாரையும் இறுக்கிய பிறகு, படகு உறுமும் சத்தம் கேட்டதும் "இன்னிக்கு வேணாம், அடுத்த தடவ பார்த்துக்கலாம்" என்று பின்வாங்குபவர் ஒருவராவது இருப்பார். கூட வந்தவர்கள் கேலி செய்வார்கள். அவரும் தனக்குத் தைரியம் போதாது என்று முடிவுகட்டி ஒதுங்கிக்கொள்வார்.

அந்த முடிவு தவறு. நீரில் வித்தை காட்டுபவர்களும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அவர்கள் படிப்படியாகப் பழக்கியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள வேக்போர்டைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, ஏறக்குறைய 20 மீட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பற்றியபடி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் படகின் பின்னே நீரில் சறுக்குவதுதான் வேக்போர்டு. படகு பிளந்து செல்லும் நீர் இருபுறமும் வரப்புபோல் எழும். அந்த வரப்பிலிருந்து எகிற வேண்டும். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியின்போது புத்ராஜெயாவில் இந்த விளையாட்டை மலேசியர்கள் நேரில் பார்த்தார்கள். அதன் மூத்த உறவான வாட்டர் ஸ்கீயில் நம் நாட்டின் ஆலியா யூங் ஹனிஃபா 2011-இல் பாலெம்பாங் சீ போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 8. 2017-இல் சொந்த மண்ணில் தங்கம் வென்றார்.

உடல் செய்யும் தவறு

வேக்போர்டில் முதல் பாடமே கையை நீட்டி வைப்பதுதான். கயிறு இழுக்கட்டும், பலகை தானாக எழும். ஆனால் கயிறு விறைத்த அந்த நொடியில் புதியவர் என்ன செய்கிறார்? கைப்பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், அவசரமாக எழுந்து நிற்கப் பார்க்கிறார். கயிறு தளர்கிறது, பலகை தடுமாறுகிறது, முகம் நீரில் அடிக்கிறது. தப்பிக்கச் செய்த செயலே அவரை விழவைக்கிறது.

'ராலே' என்ற வித்தையில் இது இன்னும் கடுமை. பலகையின் விளிம்பை நீரில் அழுத்திச் சாய்ந்து, கயிற்றை வில்நாண்போல் இறுக்கி, அந்த இழுவிசையில் சட்டென எகிற வேண்டும். உடல் காற்றில் கிடையாக நீள, பலகை தலைக்கும் மேலே பின்னால் பறக்கும். பிறகு கால்களை முன்னே கொண்டுவந்து இறங்க வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது இங்கே ஆகாது. எகிறும் நேரத்தில் மனம் தயங்கி அழுத்தத்தைத் தளர்த்தினால் உயரமும் நேரமும் குறையும். பலகை இறங்குவதற்குள் உடல் நீரில் மோதும். அந்த வேகத்தில் நீர் விலகி வழிவிடாது. செவிப்பறை கிழிவது இந்த விளையாட்டில் அறியப்பட்ட காயம். தலைக்கவசமும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்கக் கூடாது.

மூளையின் காவலாளி

தயங்கச் சொல்வது யார்? மூளையின் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. ஆபத்தின் சாயல் தெரிந்தாலே, நாம் யோசித்து முடிப்பதற்குள் அது மணி அடித்துவிடும். இதயம் படபடக்கும், தசைகள் இறுகும், பார்வை குறுகும்.

அந்தக் காவலாளியைக் குறை சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி மோதியபோது மலேசியாவில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். அன்று கடலைக் கண்டு ஓடிய கால்கள் சரியாகத்தான் ஓடின. மருத்துவ நூல்களில் எஸ்.எம். என்று குறிப்பிடப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு அரிய நோயால் அமிக்டலா இரண்டு பக்கமும் சிதைந்துவிட்டது. பாம்பையும் சிலந்தியையும் கண்டு அவர் அஞ்சவில்லை. ஆபத்திலிருந்து விலகத் தெரியாமல் திரும்பத் திரும்ப அதில் சிக்கினார். பயமே இல்லாத வாழ்வு பாதுகாப்பானதல்ல.

அப்படியானால் பயத்தை என்ன செய்வது? ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களிடம் கண்ட உண்மை ஒன்று உதவுகிறது. மணி ஒலித்தும் உணவு வராமல் போனால் நாயின் எச்சில் ஊறுவது மெல்ல நிற்கும். சிறிது இடைவெளி விட்டு மணி அடித்தால் மீண்டும் ஊறும். பழைய பாடம் அழியவில்லை. பயமும் அப்படித்தான். 'இது ஆபத்து' என்ற பழைய நினைவு அப்படியே இருக்கும். 'செய்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற புதிய நினைவு அதன் மேல் ஏறும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அந்தப் புதிய நினைவைக் கொண்டு அமிக்டலாவை அமர்த்துகிறது. ஒரு மாதம் பயிற்சி விட்டாலோ, புது ஏரிக்குப் போனாலோ பயம் திரும்புவது இதனால்தான். அது தோல்வி அல்ல. மறுபடி இரண்டு படி இறங்கி ஏறினால் போதும்.

ஏணி கட்டுவது எப்படி?

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்கு உதவினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் சற்றே நெருக்கினார். முடிவில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

ராலேக்கும் இதே ஏணிதான். முதலில் தரையில் கம்பியில் தொங்கிக் கால்களைப் பின்னே வீசிப் பழக வேண்டும். அடுத்து, நீரில் விளிம்பழுத்தம் மட்டும். பிறகு அரை அடி எகிறல், அதன் பிறகு ஓர் அடி. ஒவ்வொரு படியும் சலிப்புத் தட்டும்வரை. எகிறலைச் சின்னதாக்கலாம், சின்ன எகிறலையும் முழு மனதோடு செய்ய வேண்டும்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். தானே செய்து பெற்ற வெற்றிதான் முதல் ஊற்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் தரும் ஊக்கச் சொல்லும், உடலின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதும் மற்ற இரண்டு. கரையில் நின்று "பயப்படாதே" என்று கத்துவதைவிட, கூடவே இறங்கி ஒருமுறை செய்து காட்டுவது பலன் தரும்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களைக் காப்ரியேல் வுல்ஃப் குழுவினர் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். தம் கால்களை நினைத்தவர்களைவிட, காலுக்குக் கீழுள்ள சக்கரங்களை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். வேக்போர்டில் முழங்காலை மறந்து, கைப்பிடியையும் எதிர்க்கரையையும் நினையுங்கள்.

படி இறங்குவதில் வெட்கமில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்குக் காற்றில் சுழலும்போது திசையுணர்வு தவறியது. குழு இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். பிறகு முறுக்குச் சுழல் இல்லாத எளிய இறக்கத்துடன் சமன்கட்டையில் ஏறி வெண்கலம் பெற்றார். 2024-இல் பாரிஸில் மீண்டும் தங்கம் வென்றார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தெலுக் பஹாங் எஸ்கேப் பூங்காவில் 1,111 மீட்டர் நீளச் சறுக்குக் குழாயின் வாயில் உங்கள் பிள்ளை கால் பின்னிக்கொண்டு நின்றால், பின்னாலிருந்து தள்ளிவிடாதீர்கள், "பயந்தாங்கொள்ளி" என்றும் சொல்லாதீர்கள். கையைப் பிடித்துச் சின்னச் சறுக்குக்கு அழைத்துப் போங்கள். அதில் பத்து முறை சறுக்கட்டும். பெரியதில் ஏற வேண்டிய நாளைப் பிள்ளையே சொல்லும்.