சி.ஐ.ஏ.: இருளில் இயங்கும் ஓர் உளவு நிறுவனத்தின் வரலாறு

2003ஆம் ஆண்டின் கடைசி நாள். ஜெர்மனியின் உல்ம் நகரத்தை ஒட்டி வாழ்ந்து வந்த காலித் அல்மஸ்ரீ என்பவர், விடுமுறைப் பயணமாகப் பேருந்தில் மாசிடோனிய நாட்டின் எல்லையை அடைந்தார். லெபனானியப் பெற்றோருக்குக் குவைத்தில் பிறந்து, ஜெர்மன் குடியுரிமை பெற்றவர். மனைவி மக்களுடன் வாழ்ந்த குடும்பஸ்தர். எல்லைக் காவலர்கள் அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டினார்கள். தேடப்பட்டு வந்த வேறொருவரின் பெயரும் அவருடைய பெயரும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அவ்வளவுதான்!

தலைநகர் ஸ்கோப்யேயில் ஒரு விடுதி அறையில் 23 நாட்கள் அடைத்து வைத்தார்கள். பின்னர் விமான நிலையத்தில் அமெரிக்கர்கள் சிலரிடம் அவரை ஒப்படைத்தார்கள். அடித்து, கண்ணைக் கட்டி, விமானத்தில் ஏற்றி, ஆப்கானிஸ்தானத்தின் காபூல் அருகே இருந்த இரகசியச் சிறையில் தள்ளினார்கள். ஆள் மாறிவிட்டது என்பது தெரிந்த பின்னரும் உடனே விடுதலை கிடைக்கவில்லை. 2004 மே மாத இறுதியில் அல்பேனியாவின் ஒரு சாலையோரத்தில் அவரை இறக்கிவிட்டுச் சென்றார்கள். அவர் ஊர் திரும்பியபோது வீடு வெறுமையாகக் கிடந்தது. கணவர் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணிய மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லெபனானுக்குச் சென்றுவிட்டிருந்தார்.

வாசக அன்பர்களே! அவரைக் கொண்டு சென்றது சி.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு நிறுவனம். உலகில் எங்கே எது நடந்தாலும் ‘இது சி.ஐ.ஏ.வின் வேலை’ என்று சொல்லிவிட்டு நகர்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த நிறுவனம் எப்படிப் பிறந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே தவறியது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

பிறந்த கதை

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தின் மீது குண்டு மழை பொழிந்தன. எச்சரிக்கைத் துணுக்குகள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஆளில்லை. இந்தக் குறையே ஒரு மைய உளவு அமைப்பின் தேவையை உணர்த்தியது. 1942இல் வில்லியம் டோனவன் தலைமையில் போர்க்கால உளவு அமைப்பு ஒன்று உருவாயிற்று. போர் முடிந்ததும், 1945இல், அதிபர் ட்ரூமன் அதைக் கலைத்துவிட்டார். எனினும் சோவியத் யூனியனுடன் பனிப்போர் மூண்டபோது மீண்டும் அதே தேவை எழுந்தது. 1947 ஜூலை 26இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி செப்டம்பர் 18இல் சி.ஐ.ஏ. பிறந்தது.

அந்தச் சட்டம் அதற்குக் காவல்துறை அதிகாரமோ, உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்போ அளிக்கவில்லை. செய்திகளைத் திரட்டி, ஒப்பிட்டு, ஆராய்ந்து ஆட்சியாளருக்கு அறிவிப்பதே அதன் பணி. ஆயினும் பட்டியலின் இறுதியில், தேசப் பாதுகாப்பைச் சார்ந்த ‘பிற பணிகள்’ என்ற பொருளில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு வாசலின் வழியேதான் பிற்காலத்தில் ஆட்சிக் கவிழ்ப்புகள் நுழைந்தன! 1948இல் வெளியான ஓர் ஆணை, மறைமுகச் செயல்களை வெளிப்படையாகவே அனுமதித்தது. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது: விஷயம் அம்பலமானால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அரசு கைவிரிக்கக் கூடிய விதத்தில் அது நடந்திருக்க வேண்டும்.

இயங்கும் முறை

வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி என்ற இடத்தில் இதன் தலைமையகம் உள்ளது. திரைப்படங்கள் காட்டுவதுபோல் இங்கே பணிபுரிவோர் அனைவரும் துப்பாக்கி ஏந்தித் திரிபவர்கள் அல்லர். மேசையில் அமர்ந்து அறிக்கைகளை ஆராய்வோர், மொழி வல்லுநர், விஞ்ஞானிகள், கணினி நிபுணர் எனப் பலர் உண்டு.

வெளிநாடுகளில் பணிபுரியும் அதிகாரிகளில் பலர் தூதரக ஊழியர் என்ற போர்வையில் இருப்பார்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவதோடு அவர்கள் தப்பலாம். வணிகர் போன்ற வேறு வேடங்களில் இருப்போருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. இந்த அதிகாரிகள் பெரும்பாலும் தாமே இரகசியங்களைத் திருடுவதில்லை. இரகசியம் இருக்கும் இடத்தில் வேலை செய்யும் அந்நாட்டவர் ஒருவரைக் கண்டறிந்து, பழகி, தம் வசப்படுத்துவதே அவர்களுடைய தொழில். பணம், கொள்கைப் பிடிப்பு, மிரட்டல், தற்பெருமை ஆகிய நான்கும் ஒரு மனிதனை வளைக்கும் கருவிகள் என்று அத்துறையினர் கூறுவார்கள்.

அந்தக் கருவிகள் எதிர்த் திசையிலும் வேலை செய்யும்! ஆல்டிரிச் ஏம்ஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி 1985 முதல் சோவியத் உளவுத்துறைக்குத் தம் நிறுவனத்தின் இரகசியங்களை விற்றார். இருபது இலட்சம் டாலருக்கு மேல் பெற்றார். அவரால் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களில் பத்துப் பேரளவில் கொல்லப்பட்டார்கள். இடையில் இருமுறை பொய் கண்டறியும் கருவிச் சோதனையையும் கடந்துவிட்டார். 1994இல்தான் பிடிபட்டார். ஊரெங்கும் கண் வைத்திருந்தவர்கள், தம் பக்கத்து மேசையைப் பார்க்கத் தவறினார்கள்.

ஈரானில் எரிந்த தீ

மறைமுகச் செயல்களின் விலை என்ன என்பதற்கு ஈரானே சான்று. 1951இல் பிரதமரான முஹம்மது முஸத்திக், பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையிலிருந்த எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனின் தூண்டுதலோடு, அவரை வீழ்த்தும் பொறுப்பைச் சி.ஐ.ஏ. ஏற்றது. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரனான கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானில் இதை முன்னின்று நடத்தினார். பத்திரிகைகளுக்கும் கூலிக் கூட்டத்திற்கும் பணம் பாய்ந்தது. 1953 ஆகஸ்ட் நடுவில் நடந்த முதல் முயற்சி தோற்று, ஷா நாட்டை விட்டே பறந்தார். ஆனால் 19ஆம் நாள் முஸத்திக்கின் ஆட்சி வீழ்ந்தது. மூன்றாண்டுச் சிறைக்குப் பின், 1967இல் இறக்கும் வரை அவர் வீட்டுக் காவலிலேயே கழித்தார். 1954இல் ஏற்பட்ட புதிய எண்ணெய் உடன்பாட்டில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு பங்கு கிடைத்தது.

அன்று அது வெற்றியாகத் தோன்றியது. 1979இல் ஷாவைத் துரத்திய புரட்சியின்போது அந்தப் பழைய காயம் வெடித்தது. நவம்பர் 4இல் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1953ஆம் ஆண்டில் பிறந்தேயிராத சிலரும் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கவிழ்ப்பில் தன் கை இருந்ததைச் சி.ஐ.ஏ.வின் ஆவணம் ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2013இல்தான். அறுபது ஆண்டுகள் கழித்து!

ஒரே ஒரு வாய்ச்சொல்

ஒற்றாடல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் நம்பலாம் என்பது அவர் வகுத்த நெறி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை என்று போற்றப்படும் இந்தப் பாடம், செயற்கைக்கோள் காலத்தில் மறக்கப்பட்டது.

ஜெர்மனியில் தஞ்சம் கோரிய ஈராக்கியர் ஒருவர், தம் நாட்டில் லாரிகளில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் உள்ளன என்று கூறினார். உளவுத்துறை அவருக்கு வைத்த மறைபெயர் ‘கர்வ்பால்’. அவரை விசாரித்தது ஜெர்மன் உளவுத்துறை. போருக்கு முன் சி.ஐ.ஏ. அவரை நேரில் அமர்த்தி விசாரணை செய்யவில்லை. சொந்த அதிகாரிகள் சிலரே ஐயம் எழுப்பினார்கள். இருந்தும் 2003 பிப்ரவரி 5இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை உலகறியப் பேசினார். அடுத்த மாதமே ஈராக் மீது போர் தொடங்கியது. அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. தாம் சொன்னது பொய் என்று அந்த மனிதரே 2011இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஈராக்கில் இலட்சத்திற்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டிருந்தார்கள்.

காவலுக்குக் காவல்

நேர்மையாகச் சொல்வதானால், இந்தத் தவறுகளில் பலவற்றை உலகம் அறிந்தது அமெரிக்கப் பத்திரிகைகளாலும் பாராளுமன்ற விசாரணைகளாலும்தான். 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்களையும், அறியாத மனிதர்களுக்கே போதை மருந்து கொடுத்துச் செய்த சோதனைகளையும் அம்பலப்படுத்தியது. அரசியல் படுகொலைகளைத் தடை செய்யும் ஆணை 1976இல் வந்தது. உளவுத்துறையைக் கண்காணிக்க இரு அவைகளிலும் நிலையான குழுக்கள் அமைந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நடந்த சித்திரவதைகளை 2014இல் வெளியான செனட் அறிக்கை பதிவு செய்தது.

ஆனால் கண்காணிப்பு பெரும்பாலும் வீடு எரிந்த பிறகே வந்து சேர்ந்திருக்கிறது. காலித் அல்மஸ்ரீயின் வழக்கை, அரசின் இரகசியம் வெளியாகும் என்ற காரணத்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரிக்காமலே தள்ளிவிட்டன. 2007இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் அவர் சொன்னது உண்மை என்று தீர்ப்பளித்து, மாசிடோனியா 60,000 யூரோ இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவரைக் கொண்டு சென்றவர்கள் எந்த நீதிமன்றத்தின் கூண்டிலும் ஏறவில்லை.

அன்பர்களே! எந்த நாட்டிற்கும் உளவுத்துறை தேவைதான். பகையின் நோக்கத்தை முன்னறிந்து உயிர்களைக் காப்பது அரசின் கடமை. ஆனால் ஆராயாமல் நம்பப்படும் செய்தி, அதைக் காக்க வேண்டியவர்களின் கையிலேயே ஆயுதமாகிவிடுகிறது. ஒரு பெயர் ஒத்துப்போனது, ஒரு குடும்பம் சிதறியது. ஒரு பொய் நம்பப்பட்டது, ஒரு நாடே சிதைந்தது.

இந்தப் பாடம் லாங்லிக்கு மட்டும் உரியதா? காதில் விழுந்ததை விசாரிக்காமல் அடுத்த வீட்டிற்குக் கடத்தும் நாம், எத்தனை பேருடைய மானத்தின் மீது இதே தவறைச் செய்கிறோம்! எதற்கெடுத்தாலும் ஏதோ ஓர் உளவு நிறுவனத்தின் மீது ஆதாரமின்றிப் பழி சொல்வதும் ஆராயாமையின் மற்றொரு முகமே. ஆதாரம் உள்ளதை அழுத்தமாகச் சொல்வோம், இல்லாததைச் சொல்லாதிருப்போம். நம் வீட்டிலிருந்தே இதைத் தொடங்குவோமாக!