விரலுக்குள் உடைந்த ஊசி

திருப்பூர்–பல்லடம் சாலையில் அருள்புரத்தைச் சுற்றி பனியன் கம்பெனிகள். ஓவர்லாக், பவர் டேபிள் ஓட்டும் டெய்லர்களுக்கு விரலில் ஊசி ஏறுவது புதிதல்ல. ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு மட்டும் கணக்கில் வரவில்லை, விரலும் வீங்குகிறது என்றால் அடுத்தது எக்ஸ்ரேதான்.

எக்ஸ் கதிர் சதையை எளிதில் கடந்துவிடும். எலும்பு ஓரளவு தடுக்கும். எஃகு இன்னும் அதிகமாகத் தடுக்கும். அதனால் வெளுத்த எலும்பின் மேலும் ஊசிமுனை பளிச்சென்று தெரியும். எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் என்று அறிய விரலை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படமாவது வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் இருட்டறை, கழுவுதல், காயவைத்தல் என்று நேரம் போகும். இப்போது கைக்கு அடியில் ஒரு தட்டு. அதனுள் சீசியம் அயோடைடு படிகங்கள். வேடிக்கை என்னவென்றால், இவையும் ஊசி ஊசியாகவே வளர்க்கப்படுகின்றன. கதிர் பட்டதும் ஒளிரும். கீழேயுள்ள சிலிக்கான் உணரிகள் அந்த ஒளியை மின்னூட்டமாக்க, கணினி அதை எண்களாக்கி, சில நொடிகளில் திரையில் படம் காட்டும். ‘டிஜிட்டல் எக்ஸ்ரே’ என்று போர்டு வைத்த எல்லா இடத்திலும் இந்தத் தட்டு இருக்காது. கேசட்டை எடுத்துப்போய் வேறொரு இயந்திரத்தில் படிக்கவைத்தால் அது சி.ஆர். எனும் முந்தைய தலைமுறை. படம் மோசமில்லை, தாமதம்தான்.

டிஜிட்டல் கருவியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகவும் கொண்டுபோகலாம். சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய 2019–21 தேசியக் கணக்கெடுப்பில், அப்படி மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் 42.6 சதவீத காசநோயாளிகள் கண்டறியப்படாமலே போயிருப்பார்கள்.

ஒரு வில்லங்கமும் உண்டு. கதிர் கூடினால் ஃபிலிம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுவதால் தேவைக்கு மேல் கொடுத்தது கண்ணுக்குத் தெரியாது. படம் இன்னும் அழகாகவே வரும். அளவு மெல்ல ஏறிக்கொண்டே போக இது போதும். திரையோரம் வரும் கதிர் அளவுக் குறியீட்டைப் பார்க்கும் டெக்னீஷியன்தான் நல்ல டெக்னீஷியன். விரலுக்கோ மார்புக்கோ ஒரு படம் எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம்: மார்புப் படத்தின் கதிரளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட், இயற்கையாகவே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வந்து சேர்கிறது.

ஊசியோடு உள்ளே போன நூல் மட்டும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் தேவைப்படலாம். ஊசி ஏறியபோது அதில் நூல் கோத்திருந்ததா என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.